சுவருக்கு அந்தப் பக்கம்

சாவி பையில் இருந்தாலே கதவு திறந்துகொள்ளும் கார் என்னுடையது. வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சாவியைச் சாமி படத்தின் காலடியில் வைத்துவிடுவேன். படம் மாட்டிய சுவருக்கு வெளியே திருவொற்றியூர்த் தெரு. அங்கேதான் கார் நிற்கும்.

ஒருநாள் காலையில் பின்சீட்டில் இருந்த லேப்டாப்பைக் காணோம். கண்ணாடி உடையவில்லை, கதவில் கீறல்கூட இல்லை. எதிர்வீட்டு மீன்காரம்மா தன் வீட்டுக் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். முந்தைய நாள் விளக்கு வைக்கும் நேரம். ஒருவன் எங்கள் சுவரோரம் ஒரு பையை ஏந்தியபடி நிற்கிறான். இன்னொருவன் தொட்டதும் கார் திறந்துகொள்கிறது.

"பைல மிஷின் கீதும்மா. சாவியோட சிக்னல இஸ்து காருக்கு குட்த்துடுதாம். நீ இன்னாத்துக்கு சாவிய செவுத்தாண்ட வெச்சே?"

"சாமிகிட்டதானே வெச்சேன்!" என்று கத்தினேன்.

இப்போது சிக்னல் வெளியே போகாதபடி சாவி மூடிய எவர்சில்வர் டப்பாவில் கிடக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் பூஜை மணிச் சத்தமும் கேட்டது. அடித்தவள் நான்தான். பையை ஏந்தியவன் தலை குனிந்து நின்றதற்கு நேர் எதிரே, சுவருக்கு இந்தப் பக்கம், நானும் தலை குனிந்து நின்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டுதான் கும்பிடுகிறேன்.