நான் போட்ட டிக்

சனிக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் ஒரே காரில் கிளம்புவோம். நான் குழந்தை மருத்துவர். கண் டாக்டர் எங்கள் இருவருக்கும் மூத்தவர், பேச்சு குறைவு. பல் டாக்டர் வண்டி ஓட்டுவார், ஓட்டிக்கொண்டே பேசுவார். மூவருக்கும் தூத்துக்குடியில் சொந்தமாக கிளினிக் இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போய் இலவசமாகப் பார்ப்பது என்று சில வருடங்களுக்கு முன்னால் நாங்களாகவே முடிவு செய்தோம்.

எனக்குக் காலில் சக்கரம் என்று என் கணவர் சொல்வார். உண்மைதான். பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போது கிளினிக்கில் காத்திருப்பவர்கள் நினைப்பு வரும். கிளினிக்கில் இருக்கும்போது வீட்டு நினைப்பு. வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே, மதியத்துக்குள் முடிக்க முடியுமா என்றுதான் மனம் கணக்குப் போடும். எடை, உயரம், கண்ணைக் கீழே இழுத்து ரத்தசோகை, வயிறு, நெஞ்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையில் கட்டங்கள். ஒழுங்காக இருந்தால் ஒரு டிக், கீழே கையெழுத்து. அடுத்த பிள்ளை.

ஆறுமுகநேரிக்குக் கிழக்கே உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய பள்ளியில்தான் அது நடந்தது. அங்கே எனக்கு ஒதுக்கிய அறை, சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறை. மேலே ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றும். வெளியே பிள்ளைகளின் இரைச்சல், ரோட்டில் உப்பு லாரிகள். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். ஒன்பது வயது. வயதுக்கு எடை குறைவு, ஆனால் அந்தப் பள்ளியில் அது புதிதில்லை. ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்து இரண்டு விநாடி கேட்டேன். எடுக்கப்போனேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றதும் அறை திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில் கேட்டேன். இதயத்தின் இரண்டாவது ஒலி ஒன்றாக விழாமல் இரண்டாக உடைந்து விழுந்தது. மூச்சை இழுக்கச் சொன்னேன், விடச் சொன்னேன். இடைவெளி மாறவில்லை. அதோடு ஒரு மெல்லிய இரைச்சல், துணியை இழுத்தால் வருவது போல. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தால் இப்படிக் கேட்கும். படித்த காலத்திலேயே தெரிந்ததுதான்.

"ஓடுனா மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

அவள் பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை சிரித்தார். "இவ ஓடினாத்தான டாக்டர் வாங்கும்! பி.டி. பீரியட்ல செவத்துல சாஞ்சு உக்காந்துக்கிடுவா. கொஞ்சம் சோம்பேறி."

எழுதுவதற்காக அட்டையை எடுத்தேன். போன வருடத்துக் கட்டத்தில் இதயம் என்ற இடத்தில் டிக் இருந்தது. கீழே என் கையெழுத்து.

பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதி, அம்மாவை அழைத்துப் பேசும்படி ஆசிரியையிடம் கொடுத்தேன். அட்டையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் கண் டாக்டர், "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். தலைவலி என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கிளினிக்கில் சளிக்காக வந்த குழந்தையின் நெஞ்சைக்கூட ஃபேனை அணைத்துவிட்டு இரண்டு தடவை கேட்டேன். "ஏதும் பிரச்சனையா டாக்டர்?" என்று தாய்மார்கள் பயந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஃபோனைப் பார்ப்பேன். அந்தப் பெண்ணை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனதாகத் தகவலே வரவில்லை. புதன்கிழமை நானே தலைமை ஆசிரியையை அழைத்தேன்.

"அவங்க அம்மா சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க டாக்டர். திங்கக்கெழமைலேருந்து பிள்ளையை ஸ்கூலுக்கும் அனுப்பல."

காத்திருந்தவர்களை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அளத்து வேலை இருட்டோடு தொடங்கி வெயில் ஏறும் முன் முடிந்துவிடும். நான் போனபோது அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை. மகள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நல்லா இருக்க புள்ளைய நோயாளின்னு எழுதுனா, நாளைக்கி எவன் வந்து தாலி கெட்டுவான்?"

"ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துப் பாத்திருவோம். வலிக்காது."

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். ரேஷன் கார்டு, ஆதார், அவற்றோடு பள்ளி அட்டையின் நகல். பிரித்து என் முன்னால் நீட்டினாள்.

"போன வருசம் பாத்த டாக்டரு நெஞ்சு நல்லாருக்குன்னு எழுதியிருக்காவ. அவுக படிக்காமயா எழுதுனாவ?"

அவளுக்கு என் கையெழுத்து தெரியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த டாக்டர் யாரோ ஒருவராகவே இருந்திருப்பார். அந்த வாசலில் ஒரு கணம் அப்படியும் நினைத்தேன், அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

"அந்த டாக்டர் நான்தாம்மா. போன வருசம் நான் அவசரத்துல சரியாக் கேக்கல. தப்பு என் மேலதான்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி எடுக்கப் போனா பாதி வழில கொடத்த எறக்கி வச்சிருவா. மூச்சு முட்டுதும்மான்னு சொல்லுவா. டாக்டரே ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காவளே, பின்ன என்னளா நடிக்கேன்னு அடிப்பேன்." அவள் குரல் இறங்கியது. "இந்தக் கையாலதான் அடிச்சேன்."

அட்டையின் நகலை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அப்ப இந்த வருசம் நீங்க எழுதுனது மட்டும் சரின்னு எப்பிடி நம்ப?"

"நம்ப வேண்டாம். வேற டாக்டர் பாக்கட்டும். நெஞ்சுல ஓட்டை இருந்தா மெஷின்ல உங்க கண்ணுக்கே காட்டுவாங்க."

"நீங்களும் கூட வருவியளா?"

"வாரேன்" என்றேன். என் வாயில் எப்படியோ அவள் பேச்சே வந்தது.

மறுநாள் தூத்துக்குடியில் ஸ்கேன் எடுத்தோம். அறையின் இருட்டில் திரையைக் காட்டி, அங்கிருந்த இதய மருத்துவர் விளக்கினார். ஓட்டை இருந்தது. மார்பைக் கிழிக்க வேண்டியதில்லை, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு மூடி வைத்து அடைத்துவிடலாம் என்றார். நான் தனியாக அவரைப் பிடித்து, ஒரு வருடம் பிந்தியதால் கெடுதல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, சரியான வயதில்தான் பிடித்திருக்கிறீர்கள்" என்றார். இதயத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அந்த ஒரு வருடத்து அடிகள் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

மதுரையில் அரசுக் காப்பீட்டில் சிகிச்சை நடந்தது. துறைமுகத்தில் லோடு ஏற்றும் பெண்ணின் தகப்பனார் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். மகளை உள்ளே கொண்டுபோனதும் அவர் சுவரைப் பார்த்து நின்றார். அந்த அம்மா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் அவளே, "செத்த உக்காருங்கம்மா, எனக்குத் தல சுத்துது" என்றாள். உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் கதவு திறந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அவள் அப்போதுதான் அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை காரில் மற்ற இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பல் டாக்டர் பேச்சை நிறுத்தி வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண் டாக்டர், "போன வருசம் அன்னைக்கு அங்க வேற யாரையெல்லாம் பாத்தே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்த கேள்வி. போன வருடம் அதே அறையில் நான் டிக் போட்ட அத்தனை பிள்ளைகளையும் மறுபடி பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரு நாளைக்குப் பார்க்கும் எண்ணிக்கையைக் குறைத்தோம். மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்த்து ஊற்ற, ஒவ்வொரு நெஞ்சாகக் கேட்டேன். அட்டையில் டிக் போடும் கட்டங்களை விட்டுவிட்டு, காதில் கேட்டதைச் சொற்களில் எழுதினேன். நாலு சனிக்கிழமை ஆனது. வேறு யாருக்கும் இதயத்தில் கோளாறு இல்லை.

அந்தப் பெண் இப்போது ஓடுகிறாள். பார்த்தால் அம்மாவுக்குத்தான் பதறுகிறது. "ஏளா, நில்லு! மெதுவாப் போ!" என்று பின்னாலேயே கத்துகிறாள். ஓடலாம், ஓட விடுங்க என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். முன்பு ஓடாததற்குத் திட்டு, இப்போது ஓடுவதற்குத் திட்டு என்று மகள் என்னிடம் புகார் சொன்னாள்.

பழைய பட்டியலில் ஒரு பையன் மட்டும் இன்னும் பாக்கி. அவன் வீட்டார் வேலை தேடி வேதாரண்யம் பக்கத்து அளங்களுக்குப் போய்விட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது அவர்கள் சொன்ன பள்ளிக்கு எழுதினேன். அங்கே அவன் சேரவே இல்லை என்று பதில் வந்தது. சாயர்புரத்தில் அவன் சித்தப்பா இருப்பதாக ஆசிரியை விசாரித்துச் சொல்லி, ஃபோன் எண்ணும் கொடுத்தார். அந்த எண்ணுக்கு அழைத்தால் மணி போகிறது, யாரும் எடுப்பதில்லை. பெரும்பாலும் அவனுக்கு ஒன்றும் இருக்காது. இந்த வாரம் சாயர்புரத்துக்கு நேரில் போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன்.