தலைப்பாகைக்கு அடியில் ஒரு வீக்கம்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சாவுச் செய்தி வந்தபோது மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் நரை. அப்படியே வில்லாபுரத்தில் அவர் வீட்டுக்கு ஓடினேன். துட்டிக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பட்டிமன்ற நடுவர் மாயாண்டி அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார்.

அவரோடு மேடையேறிப் பேசும் எங்களுக்கு அவர் பாடம் தெரியும்: “கைதட்டு வரலையா, மைக்கைத் தட்டு தம்பி. எதையாச்சும் தட்டணும்.”

கடைசி மேடை சோழவந்தான் பக்கம் ஒரு கோயில் திருவிழா. ஏறும்போது பந்தலின் இரும்புக் குழாயில் மண்டை ‘ணங்’கென்று இடித்தது. கமிட்டிக்காரர் ஒருவர் உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். “ரத்தம் வரலைண்ணே, ஒண்ணுமில்ல.” அங்கே நடுவருக்குத் தலைப்பாகை கட்டுவது வழக்கம். வீங்கிய இடத்தின் மேலேயே இறுக்கிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வீக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

“எங்க வீட்ல நான்தான் நடுவர். தீர்ப்பு மட்டும் அவ சொல்லுவா” என்றார். கூட்டம் சிரித்தது. சற்று நேரத்தில் அதையே திரும்பச் சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னபோது கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. உத்தி என்று நினைத்து நான் பொறாமைப்பட்டேன். தீர்ப்பில் நாக்கு குழறியது, அதற்கும் கைதட்டினோம். திரும்பும் வழியில் வாந்தி எடுத்தார். பந்தியில் போட்ட வடையைத் திட்டிவிட்டு, அவரை வீட்டில் இறக்கிவிட்டோம்.

காலையில் எழுப்பினால் எழவில்லை.

“மண்டை ஓடு உடையல. இடிச்ச வேகத்துல மூளை குலுங்கி, ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. உள்ளயே ரத்தம் தேங்கி மூளையை அமுக்கிருச்சு” என்றார் டாக்டர். “குழறல், வாந்தி, சொன்னதையே சொல்றது, எல்லாம் அடையாளம். அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே.” ஆபரேஷன் செய்தும் அவர் கண் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்டவர் யாராவது சொன்னதையே சொன்னால் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். அண்ணன் எனக்கு விட்டுப்போனது அதுதான். பதினாறாம் நாள் காரியத்தன்று, அந்த நடுவர் ஜோக்கை அவர் மூன்று முறை சொன்னதையும் சேர்த்து, இதை மதினியிடம் சொன்னேன்.

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அந்தச் சோக்கா தம்பி? வீட்லயும் அவுக மூணு தரம் சொல்லாம விட்டதே இல்ல. நான் சிரிக்கணும்ல.”