தூக்கிப் போகக்கூடாத மலை

கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் நான் எழுதிய வரியை அவர் தன் சட்டைக் கையாலேயே அழித்தார். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்த ஐந்தாம் நாள் அது. சிட்னியில் பரமட்டாவுக்குக் கிட்ட உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்ட். வயதானவர்களுக்கு வழக்கமாக எழுதுவதைத்தான் எழுதியிருந்தேன்: ‘இலக்கு: பாத்ரூம் வரை தனியாக நடப்பது.’ அந்த நிலையில் எட்டிப் பலகை துடைக்கிற வேலையெல்லாம் பார்க்கலாமா? விழுந்திருந்தால் என் தலைதான் உருண்டிருக்கும். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, “அப்ப என்னத்தை எழுத?” என்று கேட்டேன். “அறுபத்தொரு படி” என்றார். “மலையில. ஒக்டோபர் முடிய முதல்.”

அவர் கிரேக்க நாட்டுப் பெண்மணி. அப்போது தொண்ணூறு வயது, இப்போது உயிரோடு இல்லை. எங்கள் ஆட்களின் பழக்கத்தில் நான் வயதான எல்லாரையும் அன்ரி, அங்கிள் என்றே கூப்பிடுவேன். சிலர் முகத்தைச் சுழிப்பார்கள், அவர் முதல் நாளே ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று தோதாகத்தான் இருந்தன. ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே நினைவில் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் நாஸிகள் அவருடைய நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, ஊர் இளைஞர்கள் மலையேறி நின்று எதிர்த்திருக்கிறார்கள். அன்ரி அப்போது சின்னப் பெண். பாவாடைக்குள் பாண் ரொட்டி ஒளித்துக்கொண்டு போய் அவர்களுக்குக் கொடுத்தவர். பின்னாளில் கப்பலேறி சிட்னிக்கு வந்த அந்த ஊர்க்காரர்கள், பக்கத்துப் புளூ மவுண்டன்ஸ் மலைகளில் தங்களில் ஒருவருடைய காணியின் உச்சியில், அன்று மலையில் மாண்டவர்களுக்காக நடுகல் போல ஒரு கல் நாட்டினார்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கல்லுக்கு அறுபத்தொரு படிகள். வருடத்துக்கு ஒருமுறை, ஒக்டோபர் கடைசியில், எல்லாரும் ஏறிப்போய்ப் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும், அந்த முகத்தை உயிரோடு பார்த்த ஒருவர் ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்ல வேண்டும். பார்த்தவர் யாரும் மிச்சமில்லை என்றால் பதிலும் இல்லை. வாசிப்பவர் கொஞ்சம் பொறுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பதினொரு பெயர்களுக்கு அன்ரி ஒருவர்தான் மிச்சம். எங்கள் ஊரிலும் போர் நடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு கல்லும் இல்லாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நான் பலகையில் ‘அறுபத்தொரு படி’ என்று எழுதினேன். இன்றைக்கும் நோயாளியைக் கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் இருப்பது நாலே நாலு மரப்படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். இதை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போன பிறகும் கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், வந்தார். நான் “இண்டைக்குப் போதும்” என்றால், “உமக்குக் களைச்சால் நீர் இரும்” என்பார். சரியான வாய். நானும் சும்மா விடவில்லை, இருவரும் சண்டை பிடிப்பதைப் பார்க்கவே பக்கத்து வார்டில் இருந்து ஆட்கள் வருவார்கள். ஓகஸ்ட்டில் கால் வீங்கி இரண்டு கிழமை வீணாய்ப் போனது. செப்டெம்பர் முடியும்போதும் இருபது படிக்கு மேல் மூச்சு இழுத்தது.

அப்போதுதான் நான் ஒரு கெட்டிக்கார வேலை பார்த்தேன். அவர்களுடைய சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்து, அன்ரியைக் கதிரையில் இருத்தித் தூக்கிப்போக நாலு பொடியன்களை ஒழுங்கு செய்யச் சொன்னேன். மனிதர் நான் சொன்னதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். பிறகு, “அதை அவவிட்டயே ஒருக்காக் கேளுங்கோ” என்றார். அன்ரி பயிற்சிக்கு வந்ததும் பெருமையோடு சொன்னேன். அன்ரியின் முகம் கறுத்துவிட்டது. “ஆரைக் கேட்டு இதைச் செய்தனீர்? அந்த மலைக்கு ஆரையும் தூக்கிக்கொண்டு போறேல்லை. அது சட்டம். போட்டது நான்தான்.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் அவர்களில் ஒருவருக்குக் கால்கள் விளங்காமல் போயின. மகன்மார் அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்ரி முதல் படியில் ஏறி நின்று மறித்திருக்கிறார். “மலையில நிண்டவங்கள் நடந்து ஏறினவங்கள். ஏலாதெண்டால் கீழ நில்லும்.” மகன்மார் கதிரையைக் காருக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். அந்த மனிதர் காருக்குள் இருந்தபடியே காத்திருந்தார். மேலே வாசித்தது கீழே கேட்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அவர் பதில் சொல்லிவந்த நாலு பெயர்களுக்கு அதற்குப் பிறகு பதில் இல்லை. “அவற்ற பெண்சாதி இருக்கிறா. அவவும் அந்த நாலு முகத்தையும் பார்த்தவ. ஆனா நடக்கேலாது” என்று சொல்லிவிட்டு அன்ரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டும் இந்த அன்ரிக்கு வீம்பு போகவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

பெயர் வாசிக்கும் நாளில் நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மலைக்காற்று ஆளைத் தள்ளியது. அவருடைய இடுப்புப் பட்டியைப் பின்னால் பிடித்தபடி ஏறினேன். “பிடியும், தள்ளாதையும்” என்று கட்டளை. முப்பதாவது படியில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. “போதும் அன்ரி, இறங்குவம்” என்று கெஞ்சினேன். “வாயை மூடிக்கொண்டு எண்ணும்” என்றார். எண்ணினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மேலே எல்லாரும் காத்து நின்றார்கள். அறுபத்தொன்று என்று நான் சொன்னதும் என் கையைத் தட்டிவிட்டுத் தடியை ஊன்றி நேரே நின்றார். பெயர்களை வாசித்தார்கள். பதினொரு தரமும் கணீரென்று பதில் சொன்னார். அந்த நாலு பெயர்கள் வந்தபோது காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வாசித்து முடிந்ததும் அன்ரி தன் மொழியில் பேசத் தொடங்கினார். செயலாளர் என் காதோரம் மொழிபெயர்த்தார். “இண்டைக்கு நான் என்ர காலால ஏறி வந்தனான். அதால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அந்தச் சட்டம் பிழை. அண்டைக்கு அந்த மனுசனை மறிச்சது அதைவிடப் பிழை. என்னைத் தூக்கி வந்து நான் இதைச் சொல்லியிருந்தால், தனக்கு ஏலாமல் போன உடன மாத்திறா எண்டிருப்பியள். இனி ஏறேலாத எல்லாரையும் தூக்கிக்கொண்டு வாருங்கோ.” நாலு மாதமாக அவரைப் பிடிவாதக்காரி என்று திட்டித் தீர்த்தவள் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

அடுத்த வருடம் அந்தப் படிகளில் இரண்டு கதிரைகள் ஏறின. பின்னால் போனதில் அன்ரி. ஒரு பக்கத்தை நானும் பிடித்திருந்தேன், “மெல்ல, நான் உருளைக்கிழங்கு மூட்டையில்லை” என்று வழியெல்லாம் ஏச்சு. முன்னால் போனது இறந்துபோன அந்த மனிதரின் மனைவி; “முதல்ல அவ” என்று அன்ரி அடித்துச் சொல்லிவிட்டார். மேலே இரண்டு கதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வாசிப்பவர் அந்த நாலில் முதல் பெயரைச் சொல்லி, பழக்கதோஷத்தில் கொஞ்சம் பொறுத்துவிட்டு, அடுத்ததற்கு வாய் திறந்தார். அன்ரி தடியால் நிலத்தில் ஓங்கித் தட்டினார். “நில்லும். அவ சொல்லப்போறா.” அந்த அம்மாவுக்குக் குரல் வர வெகுநேரம் எடுத்தது. வாசிப்பவர் காத்து நின்றார். “இருக்கிறேன்” என்றார். பிறகு மற்ற மூன்று பெயர்களுக்கும் சொன்னார்.