பின்சீட்டு

இரண்டு கைகள் கார்புரேட்டரின் ஜெட்டைப் பெட்ரோலில் கழுவி, ஊதி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவின. கணவர் சிலுவைமுத்துவின் பழைய மோட்டார் பைக்கைக் கழற்றிக் கழற்றித் தானாகவே வேலை பழகியவள் ரோசலின். ஆனால் கொடைக்கானலுக்கு அவர் அதில் போய்வருவது, தங்கள் வண்டிகளில் வரும் கூட்டாளிகளோடுதான். இந்தத் தடவை தானும் போயே தீருவதென்று இருந்தாள். அவரோ முந்திக்கொண்டு பின்சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே டூல்ஸ் பெட்டியை போல்ட் போட்டு முடுக்கிவைத்திருந்தார்.

கிளம்பும் காலையில் பார்த்தால் பெட்டியைக் காணோம். பின்சீட்டு பழைய இடத்தில் இருந்தது.

“ஏ ரோசலின், பொட்டி எங்க? வழியில நின்னுட்டா என்ன செய்ய?”

“பொட்டி இருந்தா மட்டும் அம்புட்டையும் கழட்டி மாட்டிருவீகளாக்கும்? போன தடவ கொடைரோட்டுல நின்னுக்கிட்டு எனக்குத்தான போன் போட்டீக?”

ரோசலின் ஸ்பேனர்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகே, சாவியை அவரிடம் நீட்டினாள்.