ஜிப்சத்தில் கந்தகம் எவ்வளவு

எங்கள் அப்பா உரக்கடையில் தலைகுனிந்து நின்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

புயலில் வேதாரண்யத்துப் பக்கம் கடல்நீர் ஏறி, எங்கள் வயல் உப்புப் பூத்துக் கிடந்தது. ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தால் உப்பு இறங்கும் என்று அப்பா மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார். நட்ட நாற்று கருகிப்போனது. கேட்கப் போனவரிடம் கடைக்காரர், நாலு பேர் முன்னால், "கூலிக்கு நட்டவங்க கையில வயல் வந்தா இப்படித்தான். சரக்கைக் குத்தம் சொல்லாத" என்றார். அப்பாவைவிட வயதில் சின்னவர் அவர். அப்பா தலைகுனிந்தபடியே வீடு திரும்பினார். அன்றிலிருந்து வயல் பக்கமே போகவில்லை.

காலி மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். 'சுத்தமான ஜிப்சம், கந்தகம் 24 சதவீதம்' என்று அச்சடித்திருந்தது. நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். படித்ததும் சிரித்துவிட்டேன், நல்ல சிரிப்பு இல்லை.

மறுநாள் பிளஸ் ஒன் வகுப்பில், போர்டில் CaSO₄·2H₂O என்று எழுதி, இதில் கந்தகம் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். முதல் பெஞ்சில் கடைக்காரரின் மகள். அவளைத்தான் எழுப்பினேன், வேண்டுமென்றே.

கெட்டிக்காரப் பெண். கால்சியம் 40, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, கூட ஒட்டியிருக்கும் இரண்டு நீருக்கு 36. மொத்தம் 172. முப்பத்திரண்டை அதால் வகுத்து நூறால் பெருக்கி, "18.6 டீச்சர்" என்றாள்.

"சுத்தமான ஜிப்சத்துல இதுக்கு மேல வருமா?"

"வராது டீச்சர்."

"24னு போட்டிருந்தா?"

"பொய் டீச்சர்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். அப்பா கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளைத் தினமும் பார்க்கிறவள்தானே. முகம் வெளுத்து உட்கார்ந்தாள். பாவம்தான். ஆனாலும் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டு நாளில் கடைக்காரர் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "பாப்பா எங்கிட்ட பேச மாட்டேங்குது டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவ போட்ட கணக்குல தப்பே இல்லீங்களே" என்றேன். "நீங்க பேச வேண்டியது எங்க அப்பாகிட்ட. வீட்லதான் இருக்காரு. வரும்போது அன்னைக்குக் கடையில நின்ன நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மணி அடிக்கும் வரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.