ஓரத்தில் எழுதியது நான்

போன செவ்வாய்க்கிழமை வாளையாரில் பஸ் நின்றது. முன்னால் லாரி வரிசை. ரோட்டோரமாகக் குடத்தோடு ஒரு பெண் போனாள். மரகதம்! என் லயன் வீட்டில் நான்கு வருஷம் குடியிருந்தவள்; லாரி டிரைவரின் பெண்சாதி. அவளாகக் காலி செய்துவிட்டுப் போனதாகத்தான் காரியஸ்தர் குப்பண்ணன் எனக்குச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பாலக்காட்டில் ஜவுளிக் கடை. வாளையார்ப் பக்கம் ஒரே வரிசையாக ஆறு வாடகை வீடுகள்; அதுதான் லயன். நேரில் போய்ப் பார்க்க நமக்கு ஏது நேரம்? அதற்காக அமர்த்திய ஆள்தான் குப்பண்ணன்.

அவரைப் பற்றி மரகதம் எனக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தாள். லயனுக்குப் பொதுவான கிணற்றுக் கயிற்றைத் தன் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார், வேண்டியவர்களுக்குத்தான் தருகிறார், கைக்குழந்தையோடு ஓடைக்கு நடக்கிறேன்... 'என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்' என்பது கடைசி வரி.

நான் என்ன செய்தேன்? கடைக்கு வருகிற எல்லாக் காகிதத்துக்கும் செய்வதைத்தான். ஓரத்தில் 'விசாரித்து ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லயன் விஷயம் ஆயிற்றே — குப்பண்ணனுக்கே அனுப்பிவிட்டேன். கடைசி வரியையும் படித்துவிட்டுத்தான் அனுப்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இறங்கிப் போய்க் கேட்டேன். "ஏம்மா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே?"

"போகச் சொன்னதே நீங்கதானுங்களே," என்றாள். "அவுரு லாரில போயிருந்த நாளாப் பாத்து, குப்பண்ணன் உங்க கையெழுத்தக் காட்டித்தானுங்க வெளிய போகச் சொன்னாரு. நான் எழுதுனத எனக்கே படிச்சுக் காமிச்சாருங்க. மத்த அஞ்சு ஊட்டுக்காரரும் பாத்துட்டு நின்னாங்க."

யார் மேல் புகாரோ அவரிடமே கொடுத்து விசாரிக்கச் சொல்வது — நம் கடைகளிலும் ஆபீஸ்களிலும் எஸ்டேட்டுகளிலும் இதற்கு ஒழுங்குமுறை என்று பெயர். மண்ணாங்கட்டி ஒழுங்குமுறை!

அன்று சாயங்காலமே குப்பண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "நீங்க எழுதுனதத்தானுங்க மொதலாளி நான் செஞ்சேன்," என்று சாவியை வைத்துவிட்டுப் போனார். பாவி மனுஷன் என்று திட்டலாம்தான்... யாரை?

மறுநாள் மரகதம் இப்போது இருக்கிற குடிசைக்குப் போனேன். "ஊடு காலியாத்தான் இருக்கு. வந்துரும்மா. புது ஆளப் போட்டுடறேன்."

அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"வர்றதுக்கென்னங்க... நாளைக்கு அந்தப் புது ஆளப் பத்தி எழுதுனா, கடுதாசிய யாருகிட்டக் குடுப்பீங்க?"

வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.