திரைக்குப் பின்னால் வாசித்தவள்

மேடையில் யாராவது கிற்றார் வாசித்தால் மனோகரி அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. கிற்றாரிலிருந்து போகும் வயர் எங்கே போய் முடிகிறது என்றுதான் பார்ப்பாள். கலியாண வீடானாலும் பள்ளிக்கூட விழாவானாலும் இதே பழக்கம். பத்து வருடமாக மாறவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்தில் தெற்கே கடையை இழந்து, அவளுடைய அண்ணன் குலசிங்கம் புங்குடுதீவு மடத்துவெளிக்குத் திரும்பி வந்தான். மிஞ்சியது ஒரு மின்கிற்றார். அதைத் தோளில் மாட்டத் தெரியுமே தவிர வாசிக்க அவனுக்குத் தெரியாது. மனோகரிதான் பழகினாள். கப்பலில் வேலை செய்த சித்தப்பா விட்டுப்போன கசற் ஒன்றில் வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் கிற்றாரை அறைந்து அறைந்து கத்தினார்கள். அழகாகப் பாட அவர்கள் முயலவேயில்லை. பாஷை விளங்காவிட்டாலும் அவளுக்குக் கோபம் விளங்கியது.

குலசிங்கம் இசைக்குழு தொடங்கினான். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை ஒருத்தி கோயில் மேடையில் ஏறினால் ஊர் கதைக்கும் என்று ஒரு வழி கண்டுபிடித்தான். பழுதான வேறொரு பழைய கிற்றாரோடு அவன் முன்னால் நின்று கையை ஆட்டுவான். பின்திரைக்குள் இருந்து மனோகரி வாசிப்பாள். கைதட்டல் அவனுக்கு. வீட்டுக்கு வந்தபின் அவனுக்குத் தேத்தண்ணி போடுவதும் அவள்தான்.

“இந்தத் திருவிழாவிலை உன்னை முன்னுக்குக் கூப்பிடுறன், மனோ. சத்தியமா,” என்று ஒருநாள் சொன்னான்.

அதை நம்பி அவள் சொந்தமாக ஒரு பாட்டே கட்டிவைத்தாள்.

திருவிழாவன்று பூசை முடிந்து இருட்டிக்கொண்டு வந்தது. மேடைக்கு மின்சாரம் தரும் லைற் எஞ்சின் உறுமியது. முதல் பாட்டு முடிந்ததும் திருவிழா உபயகாரர் தம்பிஐயா மேடையேறி, குலசிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“ஆரிட்டைப் பழகினனீர், தம்பி?”

“எல்லாம் என்ரை சொந்த முயற்சி, ஐயா.”

திரைக்குள் மனோகரி கையைக் கட்டிக்கொண்டாள். அடுத்த பாட்டுக்கு அவன் கையை வீசினான். சத்தம் வரவில்லை. மறுபடி வீசினான்.

“அண்ணை, கிற்றாருக்குத் தொண்டை கட்டிட்டுதோ?” என்று சனத்துக்குள் இருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

குலசிங்கம் திரைப்பக்கம் சாய்ந்தான். “வாசியடி!”

“கூப்பிடு.”

“பிறகு கூப்பிடுறன். மானம் போகுது.”

“ஏலாது.”

திரையைத் தள்ளிக்கொண்டு அவளே வந்தாள். கிற்றாரை அறைந்தாள். மைக்கில் தன் பாட்டைக் கத்தினாள்: “குசினிக்குள்ளை என்ரை கை வேணும், வெளியிலை என்ரை முகம் வேண்டாமோ?”

“ஆற்ரை பெட்டை இது? எஞ்சினை நிப்பாட்டுங்கோடா!” என்றார் தம்பிஐயா.

மைக்கும் வெளிச்சமும் போயின. இருட்டில் நின்று, வெறும் தொண்டையால் கடைசி வரி வரை கத்திவிட்டுத்தான் இறங்கினாள்.

ஊரை ஏமாற்றியவனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கூத்தாடி என்ற பட்டம் அவளுக்குத்தான் வந்தது. அதன்பின் குழுவை எந்தக் கோயிலும் அழைக்கவில்லை. அடுத்த வருடம் குலசிங்கம் பிரான்சுக்குப் போனான், கிற்றாரையும் கொண்டு.

இப்போது தொண்ணூற்றைந்து. தீவைவிட்டு இடம்பெயர்ந்த மனோகரி யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பிரான்சிலும் குலசிங்கத்தைக் கிற்றார்காரன் என்றுதான் சொல்கிறார்களாம். அவளிடம் கிற்றார் இல்லை. அவனோடு அவள் பேசுவதுமில்லை.